கொடியும் கோடியும்: தலைப்பு எழுத்துருவைத் தெரிவு செய்தல்

இலங்கையில் ஒரு பெயர்ப்பலகையில் தமிழ் இல்லாவிட்டால் அது செய்தியாகிறது. 2021 மே மாதத்தில் கொழும்பில் சட்டமா அதிபர் திணைக்களத்தின் இலத்திரனியல் நூலகத்தில் வைக்கப்பட்ட நினைவுப் பலகையில் சிங்களமும் ஆங்கிலமும் சீனமும் இருந்தன, தமிழ் இருக்கவில்லை. கண்டனங்கள் எழுந்தன, பலகை அகற்றப்பட்டது. ஆனால், தமிழ் இருந்தும் அதனை வாசிக்க முடியாத பலகைகள் எவரது கண்டனத்துக்கும் உள்ளாவதில்லை. சட்டம் கேட்ட மூன்று மொழிகளும் அங்கே இருக்கின்றன. அதிகாரிகளின் கடமை முடிந்துவிடுகிறது. மூன்றாவது வரியில் நெருக்கப்பட்டு, மெலிந்து, குற்றும் கொம்பும் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும் தமிழ் யாருடைய பொறுப்பு என்று ஒருவரும் கேட்பதில்லை.

அது எழுத்துருவைத் தெரிவு செய்தவரின் பொறுப்பு என்பதே இக்கட்டுரையின் வாதம். பலகைக்கு மாத்திரமன்றி, பத்திரிகைத் தலைப்புக்கும் நூல் அட்டைக்கும் ஊர்ச் சங்கங்களின் ஆண்டு மலருக்கும் விழாப் பதாகைக்கும் இது பொருந்தும். எழுத்துருத் தெரிவை அலங்காரமாகவே நம்மவர்கள் கருதி வருகிறார்கள். உண்மையில் அது யாருக்கு எது வாசிக்கக் கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கும் வேலை.

இன்று பெரிய எழுத்தில் எதை அச்சிட வேண்டுமென்றாலும் வடிவமைப்பாளர்கள் முதலில் நாடுவது சான்ஸ் செரிவ் வகையைத்தான். உரோமன் எழுத்துக்களின் கோட்டு முனைகளில் சிறு பாதங்கள் போன்று நீட்டிக்கொண்டிருப்பவை செரிவ்கள். அவை இல்லாமல் மொட்டையாக முடியும் எழுத்து சான்ஸ் செரிவ். லண்டனைச் சேர்ந்த நான்காம் வில்லியம் கஸ்லன் 1816ஆம் ஆண்டளவில் வெளியிட்ட ஒரு மாதிரியே இவ்வகையில் அச்சுக்கு வார்க்கப்பட்ட முதல் எழுத்தாகக் கருதப்படுகிறது. அதில் பெரிய எழுத்துக்கள் மாத்திரமே இருந்தன. 19ஆம் நூற்றாண்டில் இவ்வகை எழுத்து பெரும்பாலும் விளம்பரங்களிலும் தலைப்புகளிலும் உலவியது. பிறப்பிலேயே அது தூரத்திலிருந்து கூவி அழைக்கும் எழுத்து. அண்மையில் அமர்ந்து நீண்ட நேரம் வாசிப்பதற்கான எழுத்தாக அதனை அன்று எவரும் கருதவில்லை.

20ஆம் நூற்றாண்டில் அதன் அந்தஸ்து மாறியது. லண்டன் பாதாள ரயில் சேவையின் நிர்வாகியாக இருந்த பிராங்க் பிக், சுவர் நிறைந்த விளம்பரங்களுக்கு இடையில் நிலையத்தின் பெயரைப் பயணி உடனே அடையாளம் காண வேண்டும் என்று விரும்பினார். அவருக்காக எட்வேர்ட் ஜோன்ஸ்டன் வரைந்த எழுத்து 1916இல் பாவனைக்கு வந்தது. சிற்சில திருத்தங்களுடன் அதே குடும்பம் இன்றும் அங்கு இருக்கிறது. 1957இல் சுவிற்சர்லாந்தில் மக்ஸ் மீடிங்கரும் எடுவார்ட் ஹொஃப்மனும் உருவாக்கிய எழுத்து 1960இல் ஹெல்வெற்றிக்கா என்ற பெயரைப் பெற்று உலகம் முழுவதும் பரவியது. பிரித்தானியாவின் வீதிப் பலகைகளுக்காக ஜொக் கின்னியரும் மார்கரெட் கல்வேர்ட்டும் வரைந்த எழுத்து 1965 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. பாரிஸ் நகரின் சார்ல்ஸ் டி கோல் விமான நிலையத்துக்காக அட்ரியன் ஃபுருட்டிகர் வரைந்த எழுத்து 1976இல் அவரது பெயரிலேயே வெளியாயிற்று.

இவர்களில் எவரும் 'நவீனமாகத் தோன்ற வேண்டும்' என்பதை மாத்திரம் இலக்காகக் கொண்டு வேலையைத் தொடங்கவில்லை. கின்னியரும் கல்வேர்ட்டும் ஊர்ப்பெயர்களைப் பெரிய எழுத்துக்களில் மாத்திரம் எழுதும் பழைய வழக்கத்தைக் கைவிட்டார்கள். வேகமாக வரும் சாரதி ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வாசிப்பதில்லை, சொல்லின் முழு வடிவத்தையே இனங்காண்கிறார் என்பது அவர்கள் கண்ட நியாயம். ஃபுருட்டிகர் நடந்துகொண்டும் அவசரத்தில் திரும்பியும் பார்க்கிற பயணியை மனதில் வைத்தார். யார், எங்கிருந்து, எவ்வளவு நேரம் பார்க்கப்போகிறார் என்ற கேள்விக்கு விடை கண்ட பிறகே எழுத்தின் வடிவம் வந்தது.

அந்தக் கேள்வியைக் கேட்காமல் தெரிவு செய்தால் என்ன நேரும் என்பதற்குச் சுவீடனின் ஐக்கியா தளபாட நிறுவனம் ஓர் உதாரணம். பல தசாப்தங்களாகப் பியூச்சுரா எழுத்தைச் சார்ந்திருந்த அந்நிறுவனம் 2009இல் வேர்டானாவுக்கு மாறியது. வேர்டானா 1996இல் மைக்ரோசொஃப்ட் நிறுவனத்துக்காக மத்யூ கார்ட்டர் வடிவமைத்தது. கணினித் திரையில் சிறிய அளவில் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே அதன் எழுத்துக்கள் அகலமாகவும் இடைவெளி மிகுந்தும் அமைந்தன. அதே எழுத்தைப் பெரும் விளம்பரப் பலகையில் ஏற்றியபோது வடிவமைப்பாளர்கள் மத்தியில் பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. நல்ல எழுத்துத்தான், ஆனால் அந்த வேலைக்கு உரியதல்ல. ஐக்கியாவின் நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. பல நாடுகளிலும் ஒரே முகத்துடன் தோன்ற வேண்டும் என்று அது விரும்பியது. அந்த நோக்கத்துக்குப் பொருத்தமான விடை 2019இல் கிடைத்தது. உலகின் பெரும்பாலான எழுத்துமுறைகளை உள்ளடக்கும் நோட்டோ குடும்பத்துக்கு அந்நிறுவனம் மாறியது.

பல மொழிகளைத் தாங்கும் பொறுப்பு ஏற்பட்ட உடனே எழுத்துருத் தெரிவின் விதிகள் மாறிவிடுகின்றன என்பதே இதில் நமக்குள்ள பாடம். மும்மொழி நாடான இலங்கையில் இது அன்றாடப் பிரச்சினை. இரண்டு மொழிகளில் அழைப்பிதழ் அச்சிடும் ரொறன்ரோத் தமிழருக்கும், நான்கு மொழிப் பலகைகளைப் பார்த்துப் பழகிய சிங்கப்பூர்த் தமிழருக்கும் இது அந்நியமான விடயமல்ல.

இனித் தமிழுக்கு வருவோம். தமிழ் எழுத்துக்கு உரோமன் எழுத்தின் செரிவ் என்ற உறுப்பு இயல்பில் இல்லை. ஓலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்துக்குத் தடித்த கோடு, மெல்லிய கோடு என்ற வேறுபாடும் கிடையாது. ஆணி ஒரே தடிப்பில்தான் கீறும். தடிப்பும் மெலிவும் மாறி மாறி வரும் தமிழ் எழுத்தை நாம் அச்சில்தான் பெருமளவில் கண்டு பழகினோம். ஆகவே, ஒரே தடிப்பில் ஓடும் தமிழ்த் தலைப்பு எழுத்தைப் பார்த்து 'இது மேலைநாட்டு நாகரிகம்' என்று முகம் சுளிப்பதற்கு வரலாற்று நியாயம் இல்லை. சான்ஸ் செரிவுக்குப் பொருத்தமான துணையாகத் தமிழ் எழுத்து எப்போதோ ஆயத்தமாக இருந்தது.

ஆனால், ஓலைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவது அரிது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டுவதும் அரிது. அரவும் ரகரமும் ஒன்றுபோலவே தோன்றும். பழைய நூல்களைச் சுவடியிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளை, உ.வே. சாமிநாதையர் போன்றோரின் உழைப்பில் ஒரு பகுதி, இந்த எழுத்து எது என்று தீர்மானிப்பதிலேயே செலவாயிற்று. அச்சு நமக்குத் தந்த பெருங்கொடை தெளிவு. குற்று எது, சுழி எது, அரவு எது, ரகரம் எது என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றி அது நிலைநிறுத்தியது. இன்றைய தலைப்பு எழுத்துருக்களில் சில அந்தக் கொடையைத்தான் ஓசையின்றித் திருப்பி எடுத்துக்கொள்கின்றன.

எவ்வாறு? வடிவமைப்பாளர் உரோமன் சான்ஸ் செரிவின் எளிமையைத் தமிழில் கொண்டுவர விரும்புகிறார். சுழிகள் அவரது கண்ணுக்கு இடைஞ்சலாகத் தெரிகின்றன. சுழியை நறுக்கிக் கோட்டை நேராக்குகிறார். தோற்றம் 'சுத்தமாக' வருகிறது. ஆனால் கொகரத்தின் கொம்புக்கும் கோகாரத்தின் கொம்புக்கும் உள்ள வேறுபாடே மேலேயுள்ள அந்தச் சிறு சுழிதான். அது போய்விட்டால் '10 கோடி' என்பது '10 கொடி' ஆகிவிடும். எகரத்தையும் ஏகாரத்தையும் பிரிப்பது கீழ்நோக்கி இழுத்த ஒரு சாய்கோடு. அது தடிப்பில் மறைந்தால் 'ஏழு' என்பது 'எழு' ஆகும். புள்ளி எழுத்தின் தலையோடு ஒட்டிவிட்டால் 'பல்' என்பது 'பல' ஆகும், 'கல்' என்பது 'கல' ஆகும். ரகரத்தின் காலில் உள்ள சிறு சரிவை வெட்டிவிட்டால் அது அரவு ஆகிவிடும். நறுக்கப்பட்டது அலங்காரம் என்று வடிவமைப்பாளர் எண்ணுகிறார். உண்மையில் எழுத்தே நறுக்கப்பட்டிருக்கிறது.

தெளிவை இழக்கும் இந்த நோய் உரோமன் எழுத்துக்கும் உண்டு. கில் சான்ஸ் என்ற புகழ்பெற்ற எழுத்தில் பெரிய 'ஐ', சிறிய 'எல்', ஒன்று என்ற இலக்கம் ஆகிய மூன்றும் வெறும் நேர்கோடுகளாகவே நிற்கும். ஆனால் ஆங்கிலத்தில் பிடிக்காத எழுத்தை விட்டுவிட்டு ஆயிரக்கணக்கான வேறு எழுத்துக்களை நாடலாம். தமிழில் அந்த வசதி இல்லை. சிங்களத்திலும் தெரிவு குறைவுதான்.

நமது நாட்டில் மும்மொழி வடிவமைப்பு எவ்வாறு நடைபெறுகிறது என்பதைப் பார்த்தால் கோளாறின் வேர் தெரியும். ஆங்கில எழுத்துருவை முதலில் தெரிவு செய்கிறார்கள். அதற்குப் பணமும் நேரமும் விவாதமும் செலவாகின்றன. பின்னர் அதனோடு ஓரளவு ஒத்துப்போகும் சிங்கள எழுத்துருவைத் தேடுகிறார்கள். இறுதியில், கணினியில் ஏற்கெனவே இருக்கும் ஏதோவொரு தமிழ் எழுத்துரு போடப்படுகிறது. பெரும்பாலும் அந்தக் கட்டத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர்கூட அறையில் இருப்பதில்லை. 'குடிவரவு குடியகல்வு திணைக்களம்' போன்ற பெயர் நீளமானது. மிஞ்சியிருக்கும் இடமோ குறைவு. எனவே எழுத்தை இரு பக்கமும் பிடித்து நெருக்குகிறார்கள். கணினியில் இவ்வாறு நெருக்கும்போது நிலைக்கோடுகள் மெலிகின்றன, கிடைக்கோடுகள் பழைய தடிப்பிலேயே நிற்கின்றன. ணகரம், ஞகரம் போன்ற எழுத்துக்களின் உள்வெளி அடைபடுகிறது. பிறகு 'சற்று மங்கலாகத் தெரிகிறது' என்று செயற்கையாகத் தடிப்பாக்குகிறார்கள். மிஞ்சியிருந்த உள்வெளியும் மூடிக்கொள்கிறது.

இவை தவிர மென்பொருளின் விளையாட்டும் உண்டு. படங்களையும் பக்கங்களையும் வடிவமைக்கும் சில மென்பொருள்களில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்துக்கோப்பு முறையைத் தெரிவு செய்யாவிட்டால், கொம்பு எழுத்தின் முன்னால் வருவதற்குப் பதிலாகப் பின்னால் போய் நிற்கும், குற்று தனி வட்டமாக மிதக்கும். தமிழ் தெரியாதவருக்கு அது பிழையாகவே தோன்றாது. இன்னொரு புறம், பாமினி போன்ற பழைய குறியேற்ற எழுத்துருக்கள் நமது அச்சகங்களில் இன்றும் உயிர்வாழ்கின்றன. ஈழத் தமிழரின் கணினி அச்சுக்கு அவை ஆற்றிய தொண்டை மறுப்பதற்கில்லை. ஆனால் அவற்றில் கோக்கப்பட்ட தலைப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். தேடினால் அகப்படாது. இன்று புதிதாக வேலை தொடங்கும் ஒருவர் யுனிகோட் எழுத்துருவை விட்டு வேறொன்றை நாடுவதற்கு நியாயமில்லை.

யுனிகோடில் நல்ல தெரிவுகள் இல்லை என்ற சாட்டு இப்போது செல்லாது. நோட்டோ சான்ஸ் குடும்பத்தில் தமிழும் சிங்களமும் உரோமனும் பல தடிப்புகளில் ஒன்றுக்கொன்று இசைவாகக் கிடைக்கின்றன. மும்மொழி வேலைக்கு அது பாதுகாப்பான தொடக்கம். இந்தியாவின் ஏக் டைப் குழு உருவாக்கிய முக்த மலர், பாலூ தம்பி, 2022இல் வெளியான அனேக் தமிழ் ஆகியவையும், கட்டமரன், ஹிந்த் மதுரை போன்றவையும் கட்டணமின்றிக் கிடைப்பவை; வர்த்தக வேலைகளுக்கும் பயன்படுத்தலாம். அனேக் தமிழில் எழுத்தின் அகலத்தையே முறைப்படி கூட்டவும் குறைக்கவும் முடியும். நெருக்கமான இடத்துக்கு நெருக்கமாகவே வரையப்பட்ட எழுத்து இருக்கும்போது, சாதாரண எழுத்தைப் பிடித்து நசுக்குவது எதற்கு? ஆனால் அனேக் குடும்பத்தில் சிங்களம் இல்லை. இலங்கை வேலைக்கு அதனை எடுப்பவர் சிங்களத்துக்குத் தனியாகத் துணை தேட வேண்டும்.

இவற்றில் எதனைத் தெரிவு செய்வது? அழகிய மாதிரிப் பக்கத்தைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. மாதிரிப் பக்கத்தில் 'அம்மா', 'தமிழ்' என்ற சொற்கள் எந்த எழுத்துருவிலும் அழகாகவே இருக்கும். அச்சிடப்போகும் உண்மையான சொற்களையே போட்டுப் பார்க்க வேண்டும். 'கோடி', 'கொடி', 'ஏழு', 'எழு', 'பல்', 'பல', 'ரா' என்பவற்றை மிகத் தடித்த வடிவில் அச்சிட்டு, பலகையானால் இருபது அடி தள்ளி நின்றும், பத்திரிகையானால் கடைத்தட்டில் தொங்கவிட்டும் பார்க்க வேண்டும். இலங்கையருக்கு இன்னொரு சோதனை 'ஸ்ரீலங்கா'. அந்த முதலெழுத்தை யுனிகோடில் இரண்டு விதமாகத் தட்டச்சு செய்ய முடியும். சில எழுத்துருக்கள் இரண்டில் ஒன்றை மாத்திரமே இணைத்துக் காட்டும். மற்றையது உடைந்து நிற்கும். ஜகரம், ஷகரம், ஹகரம் ஆகியவை மற்றைய எழுத்துக்களோடு ஒரே தடிப்பில் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். தலைப்புகளில் இலக்கங்களும் 'ரூ.' என்ற குறியும் மேற்கோள் குறிகளும் அடிக்கடி வரும். தமிழெழுத்து நன்றாக இருந்தும் இலக்கங்கள் வேறு வீட்டுப் பிள்ளைகள் போல் நிற்கும் எழுத்துருக்கள் உண்டு.

அளவு பற்றியும் ஒரு வார்த்தை. மூன்று மொழிகளுக்கும் 40 பொயின்ற் என்று கொடுத்துவிட்டால் சமத்துவம் வந்துவிடாது. அதே பொயின்றில் ஓர் எழுத்துரு பெரிதாகவும் மற்றொன்று சிறிதாகவும் தோன்றும். சமத்துவத்தைக் கண்ணால் அளக்க வேண்டும். தமிழில் மேலே விசிறியும் குற்றும், கீழே உகர ஊகார வால்களும் நீள்வதால் வரிகளுக்கிடையில் ஆங்கிலத்துக்கு விடுவதைவிடக் கூடுதலான இடம் விட வேண்டும். இந்த இடத்தைக் கொடுக்க மனமில்லாத வடிவமைப்பில் தமிழ் எப்போதும் மூச்சுத் திணறிக்கொண்டே இருக்கும்.

எழுத்து மாறாமல் இருக்க முடியாது என்று சிலர் வாதிடுவார்கள். கண் பழகிவிட்டால் புதிய வடிவமும் வாசிக்கக்கூடியதாகிவிடும் என்பார்கள். அதில் உண்மை உண்டு. திரைப்படத் தலைப்பு, கடைச் சின்னம், கவிதை நூலின் அட்டை ஆகியவற்றில் எழுத்தோடு விளையாடலாம், விளையாடவும் வேண்டும். வாசகருக்கு முன்பே தெரிந்த நாலைந்து எழுத்தை அவர் படமாகவே பார்க்கிறார். சுழி ஒன்று குறைந்தால் குடிமுழுகிவிடாது. ஆனால் வைத்தியசாலையின் வழிகாட்டிப் பலகையையும், தேர்தல் அறிவித்தலையும், மரண அறிவித்தலையும், பத்திரிகையின் முதற்பக்கத் தலைப்பையும் வாசிப்பவர் புதிய செய்தியைத் தேடி வருகிறார். அங்கே பழகிக்கொள்ளும்படி அவரைக் கேட்க எவருக்கும் உரிமை கிடையாது. கண்பார்வை மங்கிய முதியவரும், தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கும் புலம்பெயர்ந்த பேரப்பிள்ளையும் அந்த வாசகர்களில் அடங்குவர்.

இந்நாட்டில் எழுத்து ஒருபோதும் வெறும் வடிவமாக இருந்ததில்லை. வாகன இலக்கத் தகட்டில் இடம்பெற்ற 'ஸ்ரீ' என்ற ஒற்றைச் சிங்கள எழுத்து 1950களின் பிற்பகுதியில் எத்தகைய கொந்தளிப்பைக் கிளப்பியது என்பதை வரலாறு அறியும். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்று கூறியது. சட்டத்தில் கிடைத்த இடம் பலகையிலும் கிடைக்க வேண்டுமானால், நிறமும் உலோகமும் தீர்மானிக்கப்படும் கூட்டத்திலேயே எழுத்துருவும் தீர்மானிக்கப்பட வேண்டும். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் அந்த மேசையில் இருக்க வேண்டும்.

வேலையின் ஒழுங்கைத் தலைகீழாக மாற்றுவதே நடைமுறையில் செய்யக்கூடிய எளிய சீர்திருத்தம். தெரிவு மிகக் குறைந்த மொழியிலிருந்து தொடங்குங்கள். நீளமான தமிழ்ப் பெயருக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதை முதலில் கண்டறியுங்கள். அதற்கேற்ற தமிழ் எழுத்துருவை எடுங்கள். அதனோடு இசையும் சிங்களத்தைத் தேடுங்கள். ஆங்கிலத்தைக் கடைசியில் வையுங்கள். ஆயிரக்கணக்கான சான்ஸ் செரிவ்களைக் கொண்ட மொழி, எந்தத் தமிழ் எழுத்துக்கும் பொருத்தமான ஒரு துணையைத் தந்தே தீரும். தமிழுக்கும் சிங்களத்துக்கும் அந்த ஆடம்பரம் இன்னும் வாய்க்கவில்லை.